கறுப்பாக ஏதோ

குளியலறை வாசலில் தரையைப் பார்த்தபடி கேமராவைப் பொருத்திவிட்டு, மடியில் லேப்டாப்புடன் சுவரில் சாய்ந்திருக்கிறான். மகள் தேள் கொட்டி இறந்து ஏழு மாதம் ஆகிறது. அந்த ஏழு மாதமும் ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, தேளைக் கண்டால் கத்தும்படி இந்தக் கணினி நிரலைப் பழக்கியிருக்கிறான். கழுவிய தரையில் காலை வெயில் நீளமாகக் கிடக்கிறது. குழாய் சொட்டுகிறது. திரையில் சட்டென்று ஒரு சிவப்புக் கட்டம் முளைத்து, 'தேள்' என்று காட்டி அலறுகிறது. துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடிவந்த மனைவி, அப்படியே குனிந்து அதைக் கையில் எடுக்கிறாள். பல் வைத்த கறுப்புத் தலைமுடிக் கிளிப், மகளுடையது. வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடந்ததைக் கழுவிய தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. பல்லில் ஒரு முடி இன்னும் சிக்கியிருக்கிறது. "கிளிப்பைப் போய் தேள்ங்குதே" என்கிறாள். "அப்பா, இங்க கறுப்பா ஏதோ கெடக்கு" என்று அன்று இதே வாசலில் நின்று மகள் கூப்பிட்டபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உன் கிளிப்பா இருக்கும், எடுத்துக்கோம்மா" என்றவன் அவன்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேள் கொட்டிய திருடனாக உட்கார்ந்திருக்கிறான். அவன் கண் நிறைவதைப் பார்த்து, கிளிப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "விடுங்க. பாக்காமலா சொல்லிச்சு? பாத்துட்டுத்தானே தப்பா சொல்லுது."