கட்டைவிரல் அளவு

அந்த அரண்மனையின் அந்தப்புரச் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. ராஜாவுக்கு இணங்காத ஒருத்தியை உயிரோடு நிறுத்தி, அவளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொன்னார்களாம். மனசு கேட்காத கொத்தன், அவள் மூச்சாவது விடட்டும் என்று அந்த ஓட்டையை விட்டுவைத்தானாம். காதை வைத்தால் இன்றைக்கும் அவள் விம்முவது கேட்கும் என்பார்கள். வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்த கை விளங்காது.

மாடத்தியின் சுண்ணாம்பு மட்டை ஓட்டையை நெருங்கியதும், "பாத்து அடிட்டி. நம்ம பாட்டன் வச்ச ஓட்டை. புண்ணியவான்" என்றார் மேஸ்திரி வண்டிமலை.

"அதுக்கப்புறம் எத்தன நாளு இருந்தாளாம், அண்ணாச்சி?"

"ஒம்பது நாளு அழுக சத்தம் கேட்டுச்சாம்."

"ஓட்டை வைக்காம இருந்திருந்தா?"

"மூச்சு முட்டி ஒரு பொழுதுல முடிஞ்சிருக்கும்." சொன்ன பிறகுதான் வண்டிமலைக்கே அது உறைத்தது. வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை மறந்து நின்றார்.

மாடத்தி மட்டையைக் கீழே போட்டாள். வாளியின் அடியில் கிடந்த கெட்டிச் சுண்ணாம்பை வழித்து ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஏட்டி, கை போயிரும்!"

அவள் விரலை எடுக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பின் குளிர்ச்சியைத் தாண்டி உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு விரல் நுனியில் பட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

"போதும் தாயி" என்றாள். மூன்றாவது வருகிறதா என்று அப்படியே நின்றாள்.