கணினி படிக்காத வரி

"நிறுத்து" என்று மேடையில் செனோ கணினியில் தாளத்துக்குக் கட்டளை எழுதினான். தாளம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கீழே உட்கார்ந்திருந்த அவன் மனைவி வெனிங் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். இந்த இசையில் ஒரு மாத வகுப்பு, அதிலும் கடைசி வரிசை. தனக்கு என்ன தெரியும்?

அடுத்து அவன் மத்தளத்தின் வேகத்தை இரண்டு மடங்காக்கினான். வேகம் கூடவே இல்லை. ஒற்றைக் கையை மட்டும் மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். அரங்கு ஓவென்று கத்தியது.

எழுதினால் கணினி வாசிக்கும் இசை இது. யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று, எழுதுவதை எழுத எழுதச் சுவரில் காட்டுவார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இந்தக் கூட்டத்துக்கு அதில் அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரக் கூரையில் மழை, உள்ளே கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நூறு பேர் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூடப் படிக்கவில்லை. நாலு அடைப்புக்குறியைப் பார்த்தாலே போதும், அவர்களுக்குப் புல்லரித்துவிடும்.

வெனிங் படித்தாள். பல்கலைக்கழக வாசலில், மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொடுக்கும் கடையில் பதினோரு வருடம் வேலை செய்கிறவள். ஓர் எழுத்து பிசகினாலும் கண்ணை உறுத்தும். இங்கே பிசகு இல்லை, முழுப் பொய். சுவரில் ஓடுவது ஒன்று, காதில் விழுவது முன்பே பதிவு செய்துவைத்த வேறொன்று.

இந்த மேதைக்குத்தான் ஆறு வருடமாகக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் சேரப்போகிறேன் என்றபோது, "டைப் அடிக்கிறது வேற, இசை வேற. உனக்கெதுக்கு இந்த வீண் வேலை?" என்று சிரித்தான். அன்றைக்கு அவள் நிஜமாகவே கூசிப்போனாள். இப்போது நினைத்தால் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

பிறகுதான் அந்தச் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டாள்.

அது அவளுடையது.

வியாழக்கிழமை அவனுடைய பழைய மடிக்கணினியில் எழுதிப் பதிவு செய்துவைத்தது. ஒரு மாதத்தில் அவள் உருப்படியாகச் செய்த ஒரே பாட்டு. செனோ இறங்கியதும் புதியவர்களுக்கு ஒன்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் அவள் வாசிக்க இருந்ததும் அதுதான், வேறொன்று அவளிடம் கிடையாது. இனி வாசித்தால், புருஷனைப் பார்த்துக் காப்பியடித்தவள் என்பார்கள்.

சொந்தமாக ஒன்று செய்ய வக்கில்லை, சரி. திருடுவதிலுமா சோம்பேறித்தனம்? வீட்டுப் படியைக்கூடத் தாண்டாமல் திருடியிருக்கிறான்.

கைதட்டல் ஓய்ந்ததும், ரோட்டர்டாமிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரம்மா எழுந்து ஏதோ கேட்டாள். தன் ஊர் விழாவுக்கு ஓர் ஆளைப் பொறுக்கிப்போக வந்தவள் அவள். நிகழ்ச்சியை நடத்தும் ஜாலு அதை மைக்கில் சொன்னான்.

"அண்ணே, தாளம் நொண்டுற இடம் இருக்கே, அதுதான் இந்தப் பாட்டுக்கே உயிர்ங்கிறாங்க. அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப எழுதிக் காட்டச் சொல்றாங்க."

செனோவின் சிரிப்பு பாதியில் நின்றது. சுவரில் இருந்த நாற்பது வரியில் அப்படி ஒரு வரியே இல்லை.

ஆனால் ஆள் சமர்த்தன். "கை அசந்துபோச்சு. என் வீட்டுக்காரி படுவேகமா அடிப்பா, நான் சொல்லச் சொல்ல எழுதட்டும்" என்று வெனிங்கைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அவள் போய் உட்கார்ந்ததும் காதருகே குனிந்தான். கிராம்பு சிகரெட் வாடை.

"அந்த வரி என்னடி? சீக்கிரம்."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கடையில் நிற்கும் பிள்ளைகளாவது வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார்கள்.

எழுதிக்கொடுத்தால் பாட்டு இன்றோடு அவனுடையது. எழுந்து போய்விட்டால் அவன் மானம் போகும், ஆனால் பாட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாமலே போகும்.

வெனிங் திரையில் இருந்ததையெல்லாம் அழித்தாள். வரியை எழுதி ஓடவிட்டாள். தாளம் நொண்டிக்கொண்டே வந்தது. அரங்கு செனோவின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் நெஞ்சில் கைவைத்து நன்றாகக் குனிந்து வணங்கினான்.

அவன் குனிந்திருக்கும்போதே, வரிக்கு மேலே இரண்டு சின்னக் கோடுகள் போட்டாள். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் எழுதுவதைக் கணினி படிக்காது. மனிதர்கள் படிப்பதற்கென்று விட்டுவைத்த இடம் அது.

பத்து விரலும் ஓட, வேகமாக எழுதினாள்.

செனோ நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். "அழி" என்றான். "வெனிங், அழிச்சிடும்மா."

நூறு பேரும் அன்றைக்கு முதல்முறையாகச் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. என்ன, என்ன என்று அவள் ஜாலுவின் தோளைத் தட்டிக் கேட்கவும், அவன் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னான்.

'வெனிங். மூன்றாம் பாடம், வீட்டுப்பாடம். எட்டுத் தட்டு போடச் சொன்னார்கள். சரியாக எண்ணாமல் ஏழு போட்டுவிட்டேன்.'