வாவிக் கிண்ணத்தின் முதல் விதி

லண்டன் கிளை செய்த குற்றங்கள் நான்கு என்றார் நல்லரத்தினம்.

ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. மைதானத்தைச் சுற்றி மருதஞ்சேனை ஊரே நின்றது.

“முதலாவது, யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருத்தனைக் கோல் காக்கக் கொண்டு வந்தாங்க. பொறுத்தம்.

“ரெண்டாவது, அடுத்த வருசம் பாரிசில ஆடுற ஒருத்தனைக் கொண்டு வந்தாங்க. அதையும் பொறுத்தம்.

“மூணாவது, போன வருசம் அந்தப் பாரிஸ்காரன் நம்மட கிண்ணத்தைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினான். நம்மட பொடியனுகள் ஓரத்தில நிண்டு கைதட்டினாங்க.

“நாலாவது, இந்தா நிக்கான். அமெரிக்காக்காரன்!”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நெடிய உடம்பு. கறுத்த நிறம். லண்டன் கிளையின் நீலச் சட்டையோடு, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

மருதஞ்சேனைக்காரர் லண்டனில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் நடத்துகிறார்கள். ஞாயிறுகளில் வெள்ளைக்காரக் கழகங்களோடு மோதுவார்கள். வருடம் ஒருமுறை ஊருக்கு வந்து, ஊர் அணியோடு வாவிக் கிண்ணத்துக்கு ஆடுவார்கள்.

கிண்ணத்தைத் தொடங்கியவர் நல்லரத்தினம். துண்டுப்பிரசுரம் அடித்தே ஆயுளைக் கழித்தவர். கிண்ணத்தின் முதல் விதியையும் துண்டுப்பிரசுரமாகவே அடித்தார்: ‘ஆடுகிறவனின் தாய் இந்த ஊராக இருக்க வேண்டும்.’ மட்டக்களப்பில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியே வருகிறது. அதை லண்டன் மாற்ற முடியாது என்பது அவர் வாதம்.

லண்டன் கிளையின் செயலாளர் உதயரூபன் ஓடி வந்தான்.

“அண்ணன், மைக்கை வைங்க. அவனை அமெரிக்காவுக்குப் போய்த் தேடிப் பிடிச்சது நான்தான். எதெண்டாலும் தனியக் கதைப்பம்.”

“ஏன் தனிய? காசு குடுத்து ஆள் பிடிச்சதை ஊருக்கு முன்னால சொல்ல வெக்கமோ?”

“காசுக்கு வந்தவனில்ல அவன்.”

“அப்ப என்னத்துக்கு வந்தான்? நம்மட வாவி இறால் தின்னவோ?”

கூட்டம் சிரித்தது. அமெரிக்காக்காரனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

உதயரூபன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணன், அந்த விதியைக் கிண்டாதீங்க. இவ்வளவு காலமும் ஒருத்தரும் கிண்டல்ல.”

“கிண்டப் பயம். எனக்குப் பயமில்ல.”

மத்தியஸ்தர் றிஸான் ஏறாவூரிலிருந்து வந்தவர். இரு பக்கமும் உறவில்லாதவர் என்று நல்லரத்தினமே கூப்பிட்டவர். அவர் கிட்ட வந்தார்.

“ஐயா, பொழுது போகுது. முடிவைச் சொல்லுங்க.”

“முடிவு லேசு. ரெண்டு அணியும் வரிசையில நிக்கட்டும். நான் பேரை வாசிக்கிறன். வாசிக்கப்பட்டவன் தாய்ட பேரும் ஊரும் சொல்லட்டும். தாய் இந்த ஊரில்லாட்டி வெளிய போகட்டும். ஊர் சாட்சி!”

“ஆர்ட பிள்ளையெண்டாலுமா ஐயா?”

“ஆர்ட பிள்ளையெண்டாலும்!”

கைதட்டல் எழுந்தது. உதயரூபன் கைதட்டவில்லை. ஊர் அணி நின்ற பக்கமும் யாரும் கைதட்டவில்லை.

“முதல் பேர், ஜோர்டன். வா மனே, வந்து சொல்லு!”

அமெரிக்காக்காரன் வந்து இரண்டு கைகளாலும் ஒலிவாங்கியைப் பிடித்தான். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

“அம்மா... அன்னப்பூரணி. ஊர்... மருதஞ்சேனை. நாங்க அத்தியா குடி.”



“அன்னமா?” பெண்கள் பக்கமிருந்து றஞ்சிதா கத்தினாள். “அன்னம் அமெரிக்காவில செத்துப் போனாளெண்டல்லவா நல்லரத்தினம் அண்ணன் சொன்னவர்!”

“அம்மா இரிக்கா,” என்றான் ஜோர்டன். பிறகு நல்லரத்தினத்தைப் பார்த்தான். “மாமா கூப்பிட்டா வருவா.”

வேற்று இனத்தவனைக் கட்டினாள் என்பதற்காக, உயிரோடிருந்த தங்கையைச் சாகடித்தவர் நல்லரத்தினம். அவரும் அத்தியா குடிதான். குடி முறைப்படி அந்த மைதானத்தில் அவருக்கு மிகக் கிட்டியவன், அவர் நாலாவது குற்றமென்று சொன்னவன்.

“இவன்... ஆடலாம்,” என்றார்.

உதயரூபன் ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினான். “போதும் அண்ணன். மத்தவனுகளை வாசிக்க வேணாம். ஆட்டத்தைத் தொடங்குவம்.”

றஞ்சிதாவும் சொன்னாள். “ஓம் அண்ணன், விடுங்க. ஆரும் ஒண்டும் கேக்கல்ல.”

ஆரும் ஒருநாளும் கேட்டதில்லைதான். விதி அடித்த நாளிலிருந்து ஊர் அதைத் தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்தது. பயத்தில் மூடியதாக அவர் நினைத்திருந்தார்.

அவர் ஊர் அணியின் பக்கம் திரும்பினார். வரிசையின் முதலில் அணித்தலைவன் நின்றான். இந்த ஒரு கிண்ணத்துக்காக வருடம் முழுவதும் வாவிக்கரை மணலில் ஓடியவன். அவன் ஏற்கெனவே கையிலிருந்த தலைவர் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

றிஸான் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஐயா, சொன்னா ஆட்டம் தொடங்க விசிலை ஊதுறன்.”

நல்லரத்தினம் தலையாட்டி மறுத்தார். ஒலிவாங்கியை உயர்த்தினார். முதல்முறையாக அவர் குரலைக் கேட்க ஊர் காதைக் கூர்மையாக்க வேண்டியிருந்தது.

“ஊர் அணித்தலைவர். தாய் தெய்வமணி. ஊர், வாகரை. தகப்பன் நான். பேர், ரதீஸ்.”