ஓர் இரும்பாணி

கிர்கிஸ்தானின் கரகோல் ஊரில், சீன வழி முஸ்லிம்களான டுங்கான்களின் பள்ளிவாசலில் ஓர் ஆணிகூடக் கிடையாது. எல்லாமே மர முளைகள்தான். கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த இஸ்மார், தம்பி ஹியா உத்தரத்தில் இரும்பாணி அடித்திருப்பதைப் பார்த்தான்.

"நூறு வருசமா இல்லாததை நீ அடிப்பியாடா?"

"போண்ணே, தொழ வர்றவன் எவன் அண்ணாந்து பாக்கப்போறான்?"

இஸ்மார் மரச்சுத்தியலால் அவன் மண்டையில் மூன்று முறை ஓங்கி அடித்தான். உடலைக் கீழே தள்ளிவிட்டு, தம்பி தவறி விழுந்துவிட்டதாகக் கதறினான்.

மதியம், ஹியாவின் உடலைக் குளிப்பாட்டிய மன்சூஸா மாமா அவனைத் தனியே அழைத்து உள்ளங்கையை விரித்தார். அதே ஆணி.

"உச்சந்தலையில, ஆணியோட தலை வரைக்கும் இறங்கியிருந்துச்சுப்பா."

இஸ்மார் ஏணியில் ஏறிக் கூரைக்கு ஓடினான். உத்தரத்தில் ஆணி இல்லை. அது இறங்கிய துளையும் இல்லை.

கீழே, மாமாவின் கையிலிருந்த ஆணியைப் பார்த்த ஹியாவின் மச்சான்கள் ஏணியை எடுத்தார்கள்.