நாலும் புதுசு

“உக்காருங்க முதலாளியம்மா” என்று ஜஸ்டின் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். போடி பஜாரில் பத்து வருஷமாக டயர் விற்கிறவன். வாசலில் வண்டி நின்றதுமே ஓனர் யார், டிரைவர் யார் என்று சொல்லிவிடுவேன் என்பது அவன் பெருமை.

இன்றைக்கு அதில் சிரமமே இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய இருளம்மாள் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். காக்கிச் சட்டை சுருளிராஜன் சாவியும் கையுமாக வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

“போன செவ்வாக்கெழம மழையில, போடிமெட்டு ஏறையில பின்பக்கம் வழுக்கிருச்சு தம்பி. எட்டிப் பாத்தா பள்ளம். பின்சீட்டுல உக்காந்தவளுக்குத்தான் தெரியும் அந்தப் பயம். நல்ல டயரா எடு.”

சுருளிராஜன் மெதுவாக வாயைத் திறந்தான். “ரீபட்டன் போதுமேக்கா. புதுசு மாதிரியேதான் இருக்கும்.”

“பழைய டயர்ல புது ரப்பர ஒட்டுறதுதான? நரைச்ச தலைக்கு மை பூசுனா மாப்பிள்ளையாயிருவானா?”

ஜஸ்டினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிரைவருக்கு இத்தனை வாய் ஆகாது என்று நினைத்துக்கொண்டான்.

“அப்ப, பின்னாடி ரெண்ட மட்டும் மாத்துவம்க்கா.”

“நாலும் புதுசு. இல்லன்னா சொல்லிரு, நாளைக்கு மலைச்சாமி ஜீப்பு இருக்கு.”

சுருளிராஜனுக்கு முகம் செத்துப்போனது. பாவம், வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் போல என்று ஜஸ்டின் இரக்கப்பட்டான்.

இருளம்மாள் எழுந்து ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள். ஜஸ்டின் புகழ்ந்த இரண்டைத் தள்ளிவிட்டு, பள்ளம் ஆழமான ஒன்றைத் தட்டினாள். “இதுதான் சேத்துல புடிக்கும். மாட்டு.”

“கரெக்டாப் புடிச்சீகம்மா. வண்டி வச்சிருக்கவுகன்னா இப்படி இருக்கணும்!”

அவள் சிரித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாலு டயரும் மாட்டியாயிற்று. ஜஸ்டின் பில் புத்தகத்தைப் பணிவாகத் திறந்தான். “யார் பேருக்குப் போடட்டும் முதலாளியம்மா?”

“அந்தா வாசல்ல நிக்கிறான்ல, அவன் பேருக்கு.”

“டிரைவர் பேருக்கா?” ஜஸ்டின் விழித்தான்.

சுருளிராஜன் தலையைச் சொறிந்தான். “ஓனரே நாந்தாண்ணே. இந்த அக்கா ஏறுனாத்தான், ஏலக்கா எடுக்கப் போற மத்த பதினாலு பேரும் என் ஜீப்புல ஏறுவாக!”