முள்ளு மீட்டரும் சோப்பு டப்பாவும்

"வாங்கினு போன மீட்டரை இன்னும் குடுக்கலியா அந்த வெற்றிவேலு?"

சாப்பாட்டுக் கூடையை இறக்கி வைத்த கையோடு கேட்டாள் அனிட்டா.

"குடுப்பான், குடுப்பான்" என்றார் அவள் புருஷன் மைக்கேல்ராஜ்.

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை. நேர் எதிரே அதே தொழிலில் வெற்றிவேல் கடை. அவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவன் தேடி வந்து, "ஒரு நாளைக்குக் குடுங்கண்ணே" என்று கரன்ட் பார்க்கிற பழைய முள்ளு மீட்டரை வாங்கிப் போனான். போனது போனதுதான்.

"அவன்கிட்ட நம்பர் காட்டுற புது மீட்டரே இருக்குது. நம்ம ஓட்டை மீட்டரு எதுக்காம்? உங்க கண்ணு விசயம் தெரிஞ்சுக்கினானோ இன்னாவோ."

மைக்கேல்ராஜுக்குக் கண்ணில் புரை. ஒரு முள் ரெண்டு முள்ளாகத் தெரிந்தது. ஆபரேஷன் ஈஸ்டர் கழித்துத்தான். அதுவரை ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் எவன் செட்டைக் கொண்டுவந்து கொடுப்பான்?

அனிட்டா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

அங்கே மீட்டர் முதுகு திறந்து கிடந்தது. அதிலிருந்து ரெண்டு ஒயர் ஒரு சோப்பு டப்பாவுக்குள் போயிற்று.

"அடப்பாவி, இரவல் வாங்கின பொருளைக் குடலை உருவி வச்சிருக்கியே."

"சாயங்காலம் மூடிக் குடுத்துடறேன் அண்ணி."

"இப்பவே மூடு. மூடற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"நில்லுங்க. ஃபேன் போடறேன்."

திருகாணியை முடுக்கி, மீட்டரையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான்.

"இன்னாடா இது?" மைக்கேல்ராஜ் டப்பாவைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள பைக் இண்டிகேட்டர்ல கத்துமே, அந்த பஸரு இருக்குதுண்ணே. முள்ளு ஏற ஏற வேகமாக் கத்தும். அசையலன்னா கம்முனு கெடக்கும். வச்சுப் பாருங்க."

சின்ன பேட்டரியில் வைத்தார். பீப்… பீப்… பெரிய பேட்டரியில் வைத்தார். பீப்பீப்பீப்.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எந்தப் பக்கம் திரும்புறே மைக்கேலு?"

மைக்கேல்ராஜ் தொப்பை குலுங்கச் சிரித்தார். ஓரமாகக் கிடந்த ஒரு ரேடியோவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சாப்பாட்டு ஞாபகமே இல்லை.

நழுவப் பார்த்த வெற்றிவேலை அனிட்டா ரோட்டோரம் மறித்தாள். குரலை இறக்கினாள்.

"அவரு கண்ணு விசயம் உனக்கு யாரு சொன்னது?"

"அண்ணன்தான்."

"அவரா சொன்னாரு?"

"மீட்டரை மூக்குல ஒட்டி வச்சுக்கினு பாப்பாரு. அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல அண்ணி. இத்தனை வருசமா என்னை பிராடுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த மனுசன், போன வாரம் ஒருத்தர்கிட்ட 'வெற்றிவேலு நல்லாப் பண்ணுவான், அங்க குடு'ன்னு சொல்லி அனுப்பிச்சாரு பாருங்க, அப்பதான் பயந்துட்டேன்."