சுலைகா நாற்காலி பார்க்கிறாள்

மலைமேல் மூஞ்சிக்கல்லில் பகல் பதினொரு மணிக்கும் பனிமூட்டம் சோபா, நாற்காலிக் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதமான சுலைகா, சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் சாக்ஸுமாக, பாலித்தீன் உறை பிரிக்காத சோபாவில் புதைந்து கிடக்கிறாள். இது அவள் உட்கார்ந்து பார்க்கும் நான்காவது சோபா. எல்லாமே சுற்றுலா வருபவர்கள் தங்கும் காட்டேஜ்களுக்கென்று செய்தவை. உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கணவர் பிச்சை முகம்மது தூக்கிவிடக் கை நீட்டுகிறார். அவள் அதைத் தட்டிவிடுகிறாள். "பகல் பூரா நீங்க நம்ம கடையில இருப்பீங்க. அங்கன இருந்து கைய நீட்டுவீங்களோ?" உறை கிறீச்சிட நகர்ந்து பார்க்கிறாள், கடைசியில் அவர் தோளைப் பிடித்துத்தான் எழ முடிகிறது. "மெத்துன்னு இருக்கேக்கா," என்கிறார் கடைக்காரர் ஜெயமுருகன். "நான் என்ன தூங்கவா வந்தேன்? எந்திரிக்க வந்திருக்கேன்." மூச்சு வாங்க, கல்லாவுக்குப் பின்னால் கிடக்கும் மர நாற்காலியில் போய் உட்காருகிறாள். கைப்பிடியில் வார்னிஷ் தேய்ந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றுகிறாள். உதட்டைக் கடிக்கிறாள். யாரையும் பிடிக்காமல், நேராக எழுந்து நிற்கிறாள். பிச்சை முகம்மதுவிடம் திரும்பிச் சொல்கிறாள். "இதத்தான் வண்டியில ஏத்தணும்." ஜெயமுருகன் பதறுகிறார். "அக்கா, அது நான் உக்காருற நாற்காலி. விக்கிறதுக்கு இல்ல." சுலைகா அவரை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு அதிலேயே மறுபடி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். "அப்ப நீங்க வேற ஒண்ணு பாத்து எடுத்துக்கங்க தம்பி. கடையில இத்தன கெடக்கே."